பத்தொன்பதாம் எண் புகார்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது; கேட்காமல் கடிதம் தொடங்கவும் தெரியவில்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அங்கே தரையில்தான் படுக்க வேண்டுமாமே. நானும் குட்டியும் நலம். நலம் என்றே வைத்துக்கொள்.

உன்னைப் பஸ் பணிமனையிலிருந்து பிடித்துப் போய் இன்றோடு பன்னிரண்டு நாள். தொலைக்காட்சியில் உன் பையைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். உன் வளைந்த ஊசிகளை வெள்ளைத் துணியில் வரிசையாகப் பரப்பி, கீழே 'ஊசி மனிதன் சிக்கினான்' என்று எழுத்து ஓடுகிறது. பஸ் சீட் தைக்கிறவன் பையில் ஊசி இல்லாமல் வேறு என்ன இருக்கும்? அதை ஒருவர் கேட்க வேண்டுமே! நோய் ஏற்றிய ஊசியால் பஸ்ஸில் பெண்களைக் குத்துகிற கும்பலுக்கு நீதான் தலைவனாம். வீட்டில் ஒரு பல்பு மாற்ற மூன்று மாதம் இழுத்தடிக்கிறவன் தலைவனாம்.

நாற்பத்திரண்டு பேர் புகார் கொடுத்திருக்கிறார்களே என்று மனம் தளராதே. பயத்தில் ஆளாளுக்கு எதையோ எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறையில்தான் இன்னும் இருக்கிறேன். நேற்று ஒரு பெரியவர் கையை நீட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் இழுத்துக்கொண்டார். "வேற யாராவது எடுக்கட்டும்மா" என்றார். உன் அக்கா என்று அவருக்கு யார் சொன்னார்களோ. குட்டி பஸ்ஸில் ஏற மறுத்து ஒரு மணி நேரம் நடந்து கல்லூரிக்குப் போகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கும், அக்காவுக்கு முன்னால் இதைப் படிக்கப்போகும் சிறை அலுவலக ஐயாவுக்கும் வணக்கம்.

நான் நலம். முதுகும் நலம், தரை அதற்கு ஒத்துப்போகிறது. குட்டியின் செருப்பு தேய்ந்திருக்கும், புதிதாக வாங்கிக் கொடு.

என்னை விசாரித்த இன்ஸ்பெக்டரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். என் வேலை உனக்குத் தெரியும். ஒரு வண்டியின் சீட்டுகளைத் தைத்து முடித்ததும் பன்னிரண்டு ஊசியையும் பட்டையில் செருகி எண்ணுவேன். ஒன்று குறைந்தாலும் வண்டி வெளியே போகாது. எண்ணி முடித்தபின் ஃபோர்மேன் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். பதினாறு வருடமாக இதுதான் வழக்கம். அந்தப் பதிவேட்டை இன்ஸ்பெக்டர் புரட்டிப் பார்த்தார்.

"ஊசியை ஏன்யா தினமும் எண்ணுற?"

"எண்ணாம விட்டா யாரையாவது குத்திடுமேங்க."

"பாத்தியா, குத்தும்னு உனக்கே தெரிஞ்சிருக்கு!"

அதை அப்படியே எழுதிக்கொண்டார், அக்கா. இப்போது அது என் வாக்குமூலத்தில் மூன்றாம் பக்கம். நல்லவேளை, எண்ணாமல் விட்டிருந்தால் கவனக்குறைவு என்று இன்னொரு பிரிவு சேர்த்திருப்பார்கள்.

நான் யாரையும் குத்தவில்லை. உனக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் எங்கேயாவது என் கையால் எழுதி வைக்க வேண்டும் போல இருந்தது.

ஒரு சின்ன சந்தேகம். இங்கே வருகிற பேப்பரில் நாற்பத்துமூன்று புகார் என்று போட்டிருக்கிறது. நீ நாற்பத்திரண்டு என்கிறாய். கணக்கில் புலியான நீ ஒன்றை எங்கே விட்டாய்?

உன் தம்பி

*

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலத்துக்குத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். பேப்பர்க்காரர்கள் எதையும் கூட்டித்தான் போடுவார்கள், அதை விடு.

ஜாமீன் மனு அன்று கோர்ட்டுக்கு வந்திருந்தேன். நெரிசலில் நீ என்னைப் பார்த்திருக்க மாட்டாய். புகார் கொடுத்த அத்தனை பேருடைய ரத்தத்தையும் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் சோதித்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. நம் வக்கீலம்மா அந்த அறிக்கையை நீட்டியதும் அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, "இப்போதைக்கு இல்லை" என்றார். அந்த ஒரு வார்த்தையில் மொத்த அறிக்கையும் காலி. நீதிபதியோ, "இவரை வெளியே விட்டுட்டு நாளைக்கு பஸ் ஏறுற பொண்ணுங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று மேசையைத் தட்டினார். வெளியே நின்ற கூட்டம் கைதட்டியது உள்ளே வரை கேட்டது.

வக்கீலம்மா ஒரு செய்தி சொன்னார். உன்னிடமும் சொல்லியிருப்பார். மூன்று புகாரை மட்டும் நீ ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் ஒன்றரை வருடத்தில் வெளியே வந்துவிடலாமாம். மறுத்தால் இதற்காகவே போன மாதம் போட்ட அவசரச் சட்டத்தில் பதினைந்து வருடம் வரை போகுமாம்.

நிதானமாக யோசி. கோபத்தில் முடிவெடுக்காதே.

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 10

அக்காவுக்கும் ஐயாவுக்கும் வணக்கம். நான் நலம், நீங்கள் எல்லோரும் நலம்தானே.

யோசித்தேன். அதிக நேரம் பிடிக்கவில்லை. கையெழுத்துப் போட மாட்டேன்.

செய்யாததைச் செய்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து நான் என்ன வேலை செய்வது? எந்தப் பணிமனை எனக்கு ஊசியைக் கொடுக்கும்? குட்டிக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனால், தாய்மாமன் என்ன செய்கிறார் என்று கேட்பவர்களிடம் என்ன சொல்வாய்? பதினைந்து வருடம் என்று பயமுறுத்துகிறார்கள். ஐம்பத்தாறு வயதில் வெளியே வருவேன். அப்போதும் நான் குத்தாதவனாகத்தான் இருப்பேன்.

இங்கே ஒரு வேடிக்கை. சிறை மேலதிகாரியின் நாற்காலி கிழிந்து பஞ்சு வெளியே தள்ளிவிட்டது. தைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் ஊசி மனிதனுக்கு ஊசி கொடுக்கலாமா? மூன்று நாள் கடிதப் போக்குவரத்து நடந்தது. கடைசியில் ஒரே ஒரு ஊசி, இரண்டு பக்கமும் தடியோடு இரண்டு காவலர், நடுவில் நான். தைத்து முடித்ததும் ஊசியைத் திருப்பிக் கொடுத்து, "ஒண்ணு. எண்ணிக்கோங்க, கையெழுத்துப் போடுங்க" என்றேன். போட்டார்கள்!

உன் தம்பி

*

ஏப்ரல் 28

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நாற்காலிக் கதை எழுதியிருக்கிறாய். நான் சிரிக்க வேண்டுமா?

நீ உள்ளே போன பிறகும் பதினொரு பேருக்கு ஊசி குத்தியிருக்கிறது. அப்படியானால் இவன் இல்லையே என்று யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். 'சீடர்களின் கைவரிசை' என்று போலீஸ் சொல்லிவிட்டது. எதைச் சொன்னாலும் உனக்கு எதிராகத்தான் திருப்புகிறார்கள். இவர்களிடமா நீ நியாயம் கேட்கப் போகிறாய்?

நாற்பத்திரண்டு பேர் கூண்டில் ஏறி அழப்போகிறார்கள், தம்பி. ஒவ்வொரு அழுகைக்கும் உனக்கு ஒரு வருடம் கூடும். வழக்கு நடக்க வேண்டாம். யாரும் கூண்டில் ஏற வேண்டாம். கையெழுத்துப் போட்டுவிட்டு வா. நாம் வேறு ஊருக்குப் போய்விடலாம். உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

அக்கா

*

மே 20

அன்புள்ள அக்காவுக்கும், பொறுமையாகப் படிக்கும் ஐயாவுக்கும் வணக்கம்.

நலம். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். படிக்க நிறைய இருந்தது.

வக்கீலம்மா ஒருவழியாகப் புகார்களின் நகலை வாங்கிக் கொடுத்தார். பாதுகாப்புக்காகப் பெயர்களைக் கறுப்பு மையால் அடித்திருக்கிறார்கள். எண் மட்டும்தான் இருக்கிறது. நாற்பத்துமூன்றையும் இரண்டு தடவை படித்தேன். ஒருத்தியைக் குத்தியவன் ஆறடி, இன்னொருத்தியைக் குத்தியவன் தன் தோளுயரம்கூட இல்லை என்கிறாள். ஆனாலும் எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. எல்லோருக்கும் நிஜமாகவே ஏதோ குத்தியிருக்கிறது. உடைந்த வளையலோ, குடைக் கம்பியோ. நெரிசலில் எப்போதும் குத்துவதுதான். இந்த வருடம்தான் அதற்கு ஒரு ஆளைத் தேடியிருக்கிறார்கள்.

பத்தொன்பதாம் எண் புகாரைப் பற்றி மட்டும் கொஞ்சம் எழுதுகிறேன். அந்த அம்மா ஜனவரி முப்பதாம் தேதி மாலை வேலை முடிந்து, ஒருவரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறார். பதினேழாம் தட வண்டி, இடது பக்கம் மூன்றாவது சீட். தோளில் பழுப்பு நிறப் பை. விலாவில் சுருக்கென்று குத்தியிருக்கிறது.

அதே நாள் மாலை பணிமனையில் எனக்கு ஒரு ஊசி குறைந்தது. வண்டியை விடாமல் சீட் சீட்டாகத் தடவித் தேடிக்கொண்டிருந்தேன். அரை மணி கழித்துப் பஞ்சுக்குள் கிடைத்தது, பதிவேட்டில் இருக்கிறது. அந்த அவசரத்தில்தான் நீ வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? பை வார் பிய்ந்துவிட்டது என்று நீட்டினாய். பெரிய ஊக்கு ஒன்றை எடுத்து வாரில் குத்தி, "நாளைக்குத் தைச்சுத் தர்றேன், இப்ப கிளம்பு" என்று விரட்டினேன். ஊக்கின் முனை சரியாக மாட்டியதா, எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்றுகூடக் கவனிக்கவில்லை. பதினாறு வருடத்தில் நான் செய்த ஒரே அரைகுறை வேலை அதுதான்.

அந்தப் பையும் பழுப்பு நிறம்.

நீ ஏன் நாற்பத்திரண்டு என்றே எழுதுகிறாய் என்று இனிமேல் கேட்க மாட்டேன்.

உன் தம்பி

*

ஜூன் 25

அக்காவுக்கு,

நலமா? நான் எழுதி ஒரு மாதத்துக்கு மேலாகியும் பதில் இல்லை. உனக்கு ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்திருக்கும், வாங்கினாயா? குட்டியாவது இரண்டு வரி எழுதட்டும். தபால் வந்ததா என்று நான் கேட்பதற்கு முன்பே ஐயா உதட்டைப் பிதுக்கிவிடுகிறார்.

தம்பி

*

ஜூலை 11

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். நலமா?

உன் கடிதத்தை ஐம்பது நாளாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். எழுத உட்கார்ந்து எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். ஆமாம், தம்பி. பத்தொன்பது நான்தான்.

அன்றைக்கு அந்தச் சீட்டில் உட்காரப் போகும்போது குத்தியது. வாய் தவறி "ஆ" என்றேன். பக்கத்தில் இருந்தவள் "ஊசி!" என்று அலறினாள். வண்டி முழுக்க எழுந்து நின்றது. டிரைவர் நேராகப் போலீஸ் நிலையத்துக்கு விட்டார். என்னைச் சுற்றி இருபது பேர், தண்ணீர் கொடுக்கிறார்கள், விசிறுகிறார்கள், யாரோ என் தலையைத் தடவுகிறார்கள். எனக்கும் பயம் தொற்றிக்கொண்டது. எழுதிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். தினம் ஐம்பது பேருக்கு ஊசி போடுகிறவள் நான். ஊசி குத்தினால் ஒரு புள்ளி விழும். எனக்கு விழுந்திருந்தது ஒரு விரல் நீளக் கீறல். பையைத் திருப்பினேன். ஊக்கு வாயைத் திறந்துகொண்டு நின்றது. பையை உன்னிடம் தைக்கத் தராமல் அலமாரியில் ஒளித்து வைத்தேன்.

அப்போதே தெரியும், தம்பி. நீ கைதாவதற்கு மூன்று வாரம் முன்பே தெரியும். மறுநாள் போய்ப் புகாரைத் திரும்ப வாங்கத்தான் நினைத்தேன். அதற்குள் பேப்பரில் 'துணிந்து புகார் தந்த செவிலியர்' என்று பெயர் போடாமல் வந்துவிட்டது. அது நான்தான் என்று தெரிந்து வார்டில் எல்லோரும் கைகொடுத்தார்கள். அது ஊக்கு என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குத்தான் நீ சிறையில் இருக்கிறாய்.

உன்னைப் பிடித்த அன்று இன்ஸ்பெக்டர் வந்தார். "உங்க பேர் வெளிய வராது. நீங்க பேசாம இருந்தாப் போதும்" என்றார். நாற்பத்துமூன்றில் ஒன்று போனால் என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னைக் கையெழுத்துப் போடச் சொன்னதும் உனக்காக மட்டும் இல்லை. வழக்கு நடந்தால் நானும் கூண்டில் ஏற வேண்டும்.

இனி ஒளிய மாட்டேன். வக்கீலம்மாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் பயப்படுகிறார். அக்காவையே தம்பி குத்தினான் என்று திருப்பிவிடுவார்கள் என்கிறார். பொய்ப் புகார் என்று என்மேல் வழக்கும் வருமாம், வேலையும் போகுமாம். வரட்டும், போகட்டும். நீ வேண்டாம் என்று சொன்னால் மட்டும் நிற்பேன்.

அக்கா

*

ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நான் நலம்.

கோபம் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய். கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வார்த்தை, அக்கா. போலீஸ் நிலையம் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிறது. சாலையைக் கடந்திருந்தால் போதும்.

மூன்றாம் நாள் பசித்தது. சாப்பிட்டேன். பஸ்ஸே எழுந்து நின்று கத்தும்போது, இல்லை என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? எனக்கு வந்திருக்குமா என்று யோசித்தேன். தெரியவில்லை.

வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் எதையும் திருப்பட்டும். போ. பையையும் எடுத்துக்கொண்டு போ. ஊக்கைக் கழற்றிவிடாதே.

உன் தம்பி

*

செப்டம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? நான் இத்தனை மாதத்தில் முதல் தடவையாக நிஜமாகவே நலம். மாத்திரையும் வாங்கிவிட்டேன்.

புகார் கொடுத்தவர் பேசும்போது குற்றம் சாட்டப்பட்டவர் கோர்ட்டில் இருக்கக் கூடாது என்று அந்த அவசரச் சட்டம் சொல்வதால் உன்னை அழைத்து வரவில்லை. அதனால் நடந்ததை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

என்னை ஒரு பச்சைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். "பத்தொன்பது" என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்து திரையை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டேன். அரசு வக்கீல் பதறி, "உங்க பாதுகாப்புக்குத்தாம்மா" என்றார். "எனக்கு யார்கிட்டேருந்து சார் பாதுகாப்பு? உள்ள இருக்கிறது என் தம்பி" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளியையும் கீறலையும் சொன்னேன். பையை மேசைமேல் வைத்தேன். எப்படிக் குத்தும் என்று காட்டச் சொன்னார் நீதிபதி. கோர்ட் எழுத்தரின் தோளில் மாட்டி, உட்காரச் சொன்னேன். உட்கார்ந்த மனிதர் "ஐயோ!" என்று துள்ளி எழுந்தார். "இவரும் புகார் எழுதிக் கொடுக்கலாம்" என்றேன். நீதிபதி சிரிக்கவில்லை. ஆனால் ரொம்ப நேரம் ஊக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரசு வக்கீல் விடவில்லை. "தம்பி மேல இருக்கிற பாசத்துல பொய் சொல்றீங்க."

"பாசம் இருந்திருந்தா ஆறு மாசம் முன்னாடியே வந்திருப்பேன் சார்."

அதைச் சொல்லும்போது மட்டும் அழுதுவிட்டேன்.

"அப்போ மத்த நாற்பத்திரண்டு பேரும் பொய்யா?" என்றார்.

"பொய் இல்லை சார், பயம். எனக்கு வந்த அதே பயம். அவங்களையும் கூப்பிட்டு, அன்னிக்கு என்ன குத்துச்சுன்னு பயமுறுத்தாம கேளுங்க."

வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். என்மேல் பொய்ப் புகார் வழக்கும் பதிவாகிவிட்டது. பழைய இன்ஸ்பெக்டர் மறுபடி வீட்டுக்கு வந்தார். புகார் உண்மை, கோர்ட்டில் சொன்னதுதான் பாசத்தில் சொன்ன பொய் என்று எழுதிக் கொடுத்தால் வழக்கை எடுத்துவிடுவாராம். பேனாவை நீட்டினார். "உங்க பேனாவுக்கு எங்க குடும்பத்துல கையெழுத்துக் கிடைக்காது சார்" என்று அனுப்பிவிட்டேன். குட்டி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். மறுநாள் பஸ்ஸில் கல்லூரிக்குப் போனாள்.

அன்புடன்,
அக்கா

*

செப்டம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கும், கடைசித் தடவையாகப் படிக்கும் ஐயாவுக்கும் வணக்கம். நலம், நலம்.

நீ பேசிய செய்தி பரவி, எட்டுப் பேர் கோர்ட்டுக்கு எழுதியிருக்கிறார்களாம். தங்களைக் குத்தியது ஊசிதானா என்று இப்போது நிச்சயமில்லை என்று. அதில் ஒருவர் குடைக் கம்பியைக் கையோடு கொண்டு வந்தாராம். வழக்கு முடியவில்லை, மற்றவர்களை இன்னும் கேட்க வேண்டும். ஆனால் ஜாமீன் கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விடுகிறார்கள். வாசலில் கூட்டம் கூடி ஏதாவது கத்தலாம், பின்பக்கமாகப் போகிறாயா என்று கேட்டார்கள். வந்த வழியாகவே போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று ஐயா முதல் தடவையாக என்னிடம் வாய்விட்டுப் பேசினார். "என் வீட்டுக்காரி இன்னும் பஸ் ஏற மாட்டேங்கிறாப்பா" என்றார். "எங்க அக்காவோட அனுப்பி வைங்க" என்றேன். தயாராக இரு.

டாக்சி பிடிக்காதே. நீயும் குட்டியும் பஸ்ஸில் வாருங்கள். பஸ்ஸிலேயே திரும்புவோம், பதினேழாம் தட வண்டி வந்தால் அதில். அந்த இடது பக்கச் சீட் இப்போது எப்படி இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும். கோர்ட்டிலிருந்து பை திரும்பி வந்ததும் வேறு யாரிடமும் கொடுக்காதே. நான்தான் தைப்பேன்.

உன் வழக்கு பற்றிக் கவலைப்படாதே. உன் பக்கம் முதல் சாட்சி நான். கூண்டில் ஏறி, பத்தொன்பதாம் எண் அம்மாவைக் குத்தியது என் ஊக்குதான், வாரில் மாட்டியவன் நான்தான் என்று சொல்வேன். இத்தனை மாதமாக என்னிடம் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த வாக்குமூலம்தானே அது. இந்தத் தடவை கையெழுத்தும் போடுகிறேன்.

உன் தம்பி